ஐம்பது ரூபாய்ப் புகை பாஸ்

போன சனிக்கிழமை செங்கல்பட்டில் ஒரு கருத்தரங்கம். பூமி சூடாவது பற்றி. ஹாலில் ஏ.சி. போட்ட போடில் எனக்குக் குளிரில் பல் தந்தியடித்தது.

மேடையில் இரண்டு பேராசிரியர்கள். வெளிநாடுகளில் கரியமில வாயுவைக் குறைக்கச் சட்டம் கொண்டுவரப் பார்க்கிறார்கள் இல்லையா... அதைப் பற்றித்தான் விவாதம். ஒரு தொழிற்சாலை எவ்வளவு வாயுவை வெளியே விடுகிறதோ, அதற்கு ஏற்றபடி காசு கட்ட வேண்டும். சரி. ஆனால் அந்தக் காசுக்கு ஓர் உச்சவரம்பு வேண்டுமா, வேண்டாமா?

"கட்டாயம் வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பில் ஏறும், பஸ் டிக்கெட் ஏறும். கடைசியில் அடி வாங்குகிறவன் ஏழைதான்" என்றார் முதலாமவர். நான் கை தட்டினேன்.

"உச்சவரம்பு வைத்தால், அந்தப் பணத்தை வீசிவிட்டு இஷ்டத்துக்கு விட்டுக்கொண்டே இருப்பார்கள். அப்புறம் சட்டம் எதற்கு?" என்றார் இரண்டாமவர். அதற்கும் கை தட்டினேன்.

பக்கத்து நாற்காலிக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். இவன் எந்தக் கட்சி?

இரண்டு கட்சியும்தான். ஏனென்றால் நானே ஒரு முறை இப்படி ஒரு சட்டம் எழுதியிருக்கிறேன். சிரிக்காதீர்கள், நிஜமாகவே. மொத்தம் பதினோரு வரி. ஊரப்பாக்கம் ஸ்டேஷன் ஆட்டோ ஸ்டாண்டில் ஒட்டப்பட்டு, ஒன்றரை மாதத்தில் கிழிக்கப்பட்டது.

என் அப்பா ஏகாம்பரம் ஆட்டோ ஓட்டுபவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை முதலில் மிதித்தவன் நான். அதனால் ஸ்டாண்டில் எனக்கு ஒரு பதவி உண்டு. ஆர்.டி.ஓ. ஆபீஸ் மனு, இன்சூரன்ஸ் பாரம், கல்யாணப் பத்திரிகை... எழுத்து என்று வந்துவிட்டால் "கூப்புடுடா ஏகாம்பரம் புள்ளைய!" சம்பளம் கிடையாது. டீ உண்டு.

நான்கைந்து வருடங்களுக்கு முன்பு நடந்த கதை இது. அப்போது நான் பட்டப்படிப்பின் கடைசி வருடத்தில் இருந்தேன்.

ஸ்டாண்டில் பதினோரு ஆட்டோ. எல்லாம் டூ-ஸ்ட்ரோக் வண்டி. பெட்ரோல் விற்ற விலைக்கு ஒன்றிரண்டு பேரைத் தவிர யாரும் வெறும் பெட்ரோல் ஊற்றுவதில்லை. பாதிக்குப் பாதி கிருஷ்ணாயில், அதாவது மண்ணெண்ணெய். வண்டியைக் கிளப்பினால் வெள்ளை வெளேரென்று புகை எழும். சாமி ஊர்வலத்தில் சாம்பிராணி போட்ட மாதிரி.

அந்தப் புகைக்கு நேர் பின்னால் மும்தாஜ் அக்காவின் தள்ளுவண்டி. ஸ்டேஷன் படிக்கட்டுக்குப் பக்கத்தில் காலை நாஸ்தா: ஆப்பம், இடியாப்பம், வடகறி. ஞாயிற்றுக்கிழமை பாயா. புருஷன் போன பிறகு அக்கா தனியாளாகப் பதினோரு வருடம் தள்ளிய வண்டி அது. எனக்குப் பரீட்சை இருக்கிற நாளில், நான் ஓடி வருவதைத் தூரத்திலேயே பார்த்துவிட்டு இரண்டு ஆப்பத்தை மடித்துக் கையில் திணிப்பார். "ட்ரெய்ன்ல போய் துன்னு. வெறும் வயித்துல எழுதாத."

அந்த வருடம் அக்காவுக்கு வீசிங் வந்தது. ஆப்பச் சட்டியைச் சுழற்றுகிற நேரத்துக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாராம் — புகையை விட்டுத் தள்ளிப் போ.

அக்கா ஸ்டாண்டுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"இதோ பாருங்கப்பா. சண்ட போட எனக்கு மூச்சு இல்ல. ரெண்டு மாசம் பாப்பேன். அதுக்குள்ள இந்தப் பொகைய நிறுத்துனா இங்க இருப்பேன். இல்லாட்டி கடய மூடிட்டு கடப்பாக்கத்துல எங்க தங்கச்சி வூட்டுக்குப் பூடுவேன்."

கடப்பாக்கத்தில் கடல் காற்று உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்கு நாஸ்தாவுக்காக அலைமோதும் ரயில் கூட்டம் அங்கே ஏது? தங்கச்சி வீட்டில் ஒரு மூலையில் உட்கார்ந்து, தங்கச்சி போடுவதைச் சாப்பிட வேண்டும். பதினோரு வருடம் ஊருக்கே ஆப்பம் ஊற்றிய கை அது.

அன்று சாயங்காலமே சங்கம் கூடியது. தலைவர் கன்னியப்பன் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "வாத்யாரே, ஒரு சட்டம் எழுது. படிச்ச சட்டமா இருக்கணும்."

நான் எழுதினேன். கிருஷ்ணாயில் கலந்து புகை விடுகிற வண்டிக்கு, ஒவ்வொரு முறைக்கும் பத்து ரூபாய் அபராதம்.

டில்லிபாபு துள்ளி எழுந்தான். ஸ்டாண்டில் வயதில் சின்னவன், வாயில் பெரியவன். "இன்னாது, ஒரு தபாக்கு பத்தா? ஒரு நாளைக்கு பத்து சவாரி போறேன். பத்து பத்து நூறு. அப்ப சோறு துன்றதா, ஃபைன் கட்றதா? சவாரியே போவாம இங்க குந்திகினு ரம்மி ஆடலாம். அதான் லாபம்!"

சிரிப்பு. ஆனால் அவன் சொன்னதில் தப்பில்லையே.

அப்போது என் அப்பா எழுந்தார். கூட்டத்தில் வாய் திறக்கிற ஆளே இல்லை அவர். "ஃபைன் போடுங்க, வேணான்னு சொல்லல. ஆனா அதுக்கு ஒரு அளவு வெச்சிடுங்கபா" என்று சொல்லிவிட்டு உடனே உட்கார்ந்துவிட்டார்.

அப்பாவின் வண்டிதான் ஸ்டாண்டிலேயே பழசு. அதிகம் புகைவது அதுதான். அளவில்லாமல் அபராதம் போட்டால் முதலில் விழுவது அவர்தான். அந்த வாரம்தான் லைப்ரரியில் இதே விவாதத்தைப் படித்திருந்தேன். பெரிய நாடுகளே உச்சவரம்பு பற்றி யோசிக்கின்றன. குக்கருக்கு இருப்பது போல சட்டத்துக்கும் ஒரு சேஃப்டி வால்வு வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. பேனாவை எடுத்து, பதினோராவது வரியைச் சேர்த்தேன். "எவரிடமும் மாதம் ஒன்றுக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் வசூலிக்கக் கூடாது."

கை தட்டினார்கள். கன்னியப்பன் அண்ணன் என் முதுகில் தட்டினார். நானும் ஒரு சட்டம் எழுதிவிட்டேன் என்று அன்றைக்குச் சட்டைக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? எனக்குத் தெரியவில்லையே!

ஒன்றாம் தேதி. காலை ஆறரை. டில்லிபாபு என் முன்னால் வந்து ஐம்பது ரூபாய் நோட்டை நீட்டினான்.

"இன்னாண்ணே இது?"

"மன்த்லி பாஸ் குடு."

"எது?"

"அதான்பா. ட்ரெய்ன்ல மன்த்லி பாஸ் எடுத்துட்டா டிடிஆர் கேக்க மாட்டான்ல? அதே மாரி. மாசம் அம்பதுக்கு மேல வாங்கக் கூடாதுன்னு நீதான எழுதிகீற? மொதல்லியே கட்டிட்டேன். இனிமே எவனும் என் வண்டிப் பொகைய கேக்கக் கூடாது. ஒரு சீட்டு எழுதிக் குடு, கண்ணாடில ஒட்டிக்கறேன்."

திட்டலாம் என்று வாய் திறந்தேன். அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தேன். வரிசை. எல்லார் கையிலும் ஐம்பது ரூபாய்.

வரிசையில் ஏழாவது ஆள் என் அப்பா.

பத்து ரூபாய் நோட்டு ஐந்தை நீவி நீவி மடித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார். "எனக்கும் ஒண்ணு போடு நைனா."

போட்டேன். என் கையாலேயே.

அதற்கு முன்பெல்லாம் கிருஷ்ணாயில் கலப்பது ஒரு திருட்டு வேலை. வண்டியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தள்ளிப் போய், இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஊற்றுவார்கள். இப்போது? ஸ்டாண்டு நடுவிலேயே கேனை வைத்து, பாட்டு முணுமுணுத்துக்கொண்டு ஊற்றினார்கள். வெறும் பெட்ரோலில் ஓட்டிய ஒன்றிரண்டு பேரும் "நாம மட்டும் இன்னா லூசா?" என்று சேர்ந்துகொண்டார்கள். புகை குறையவில்லை. கூடிவிட்டது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவைக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "ஏம்பா, நீயுமா?"

அவர் உண்மையாகவே குழம்பிப் போனார். "தப்பாடா? அம்பது கட்டிட்டா சரின்னுதான சட்டத்துல கீது? முன்னெல்லாம் ஊத்தச் சொல்லோ கை கூசும்டா. மும்தாஜு மூஞ்சிய பாக்க முடியாது. இப்பதான் டப்பு கட்டிட்டமேன்னு... கூசல."

அபராதம் என்று நான் எழுதினேன். அவர் அதைக் கட்டணம் என்று படித்தார். யார் மேல் தப்பு? ஐந்தாவதோடு படிப்பை விட்டவர் என்றால்கூட எழுதியதைத் தானே படித்துப் பார்த்திருப்பார். அவர் ஒன்றாவதுக்கே போகாதவர். நான் எழுதியதை நம்பினார். அவ்வளவுதான்.

வசூலான பணத்தை என்ன செய்வது? சங்கம் யோசித்து, அக்காவின் கடைக்கு ஒரு ஃபேன் வாங்கிக் கொடுத்தது. ஸ்டேஷன் வாசல் டீக்கடையிலிருந்து ஒயர் இழுத்து, கடைக்கு முன்னால் நிறுத்தினார்கள். புகை இந்தப் பக்கம் வந்தால் ஃபேன் அதை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும்.

அக்கா ஃபேனைப் பார்த்தார். கன்னியப்பன் அண்ணனைப் பார்த்தார். "அந்தாண்ட பூ விக்கிறவங்களுக்கு எப்ப ஃபேன் வாங்கித் தருவீங்க?"

கன்னியப்பன் அண்ணன் ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வைத்தார்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பேராசிரியர்கள் பேசியது கண்ணுக்குத் தெரியாத வாயு. நான் சொல்வது கண்ணை எரிக்கும் புகை. இரண்டும் ஒன்றல்ல என்று கடிதம் போடப்போகும் மதுராந்தகத்து வாசக நண்பருக்கு இப்போதே நன்றி. ஆனால் ஐயா, விலை என்று ஒன்றை ஒட்டிவிட்டால் இரண்டும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கின்றன. 'இவ்வளவு கட்டினால் போதும்' என்ற இடத்தில் மனசாட்சி வண்டியை விட்டு இறங்கிவிடுகிறது.

மாதக் கடைசி. ஒரு சாயங்காலம், மறுநாளைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்த அக்கா அப்படியே சாய்ந்துவிட்டார். உதடு நீலமாகிவிட்டது. மூச்சுக்கு இழுக்கிற பஃப் தீர்ந்திருந்தது.

முன்னால் நின்ற வண்டி அப்பாவுடையது. அக்காவைத் தூக்கி உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் பிடித்துக்கொண்டேன். டாக்டர் இருப்பது ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். போனால்... கேட் போட்டிருந்தது.

முன்னால் ஒரு லாரி. பின்னால் ஒரு பஸ். நடுவில் நாங்கள். எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்க, எங்கள் வண்டியின் புகையே எங்கள் வண்டிக்குள் சுருண்டு வந்தது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, அப்பாவின் முதுகைத் தொட்டார்.

"அண்ணாத்த... ஆஃப் பண்ணிடு."

அப்பா ஆஃப் செய்தார்.

கேட் திறந்தது. அப்பா ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தார். வண்டி பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. இன்னொரு தடவை. கிருஷ்ணாயில் குடித்த வண்டி சூட்டோடு நிறுத்தினால் சுலபத்தில் கிளம்பாது. பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. அப்பா ஒரு விநாடி அந்தக் கயிற்றையே பார்த்தார். பிறகு இறங்கினார். ஒரு கை ஹேண்டில்பாரில், தோள் வண்டியின் சட்டத்தில். நான் பின்னால் போய்த் தள்ளினேன்.

தண்டவாளத்தின் மேல் சக்கரம் ஏறி இறங்கும்போதெல்லாம் உள்ளேயிருந்து அக்கா முனகுவது கேட்டது. "தோ வந்துட்டோம்மா... தோ வந்துட்டோம்..." என்று அப்பா சொல்லிக்கொண்டே தள்ளினார். டாக்டர் வீடு வரைக்கும் சொன்னார்.

மெஷினில் மருந்து வைத்த பிறகு அக்காவுக்கு மூச்சு திரும்பியது. அப்பா உள்ளே வரவே இல்லை. வாசலில் வண்டிக்குப் பக்கத்தில், சைலன்சரைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். நான் தோளைத் தொட்டேன். "நா கட்டுன அம்பதுல அவளுக்கு மூச்சு வந்துச்சா?" என்று கேட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சங்கம் மறுபடி கூடியது. என் சட்டத்தை நானே கிழித்தேன். அடுத்து என்ன?

"அபராதத்த ஐந்நூறு ஆக்கு" என்றார் ஒருவர். "ஆக்கு, நாளைக்கே வண்டிய வித்துட்டுப் போறேன்" என்றார் இன்னொருவர். ஒரு மணி நேரம் இதே இழுபறி. அக்கா தன் கடை ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

டில்லிபாபு கொட்டாவி விட்டான். "இன்னா பேஜாரு இது! டப்பு வாங்குனா எவனுக்கும் வலிக்காதுபா. சவாரிய வாங்கு, அப்ப தெரியும். பொகை வுடறவன் லைன்ல கடைசி! ட்ரெய்ன் வந்தா எல்லாருக்கும் சவாரி கெடைக்கும், அவனுக்கு மட்டும் காத்துதான் கெடைக்கும்!"

கிண்டலாகத்தான் சொன்னான். எல்லாரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

"அதையே எழுது நைனா."

டில்லிபாபு திடுக்கிட்டான். "அண்ணாத்த, யோசிச்சிகினு பேசு. அப்படிப் பாத்தா மொத ஆளா கடைசிக்குப் போறது உன் வண்டிதான்!"

"தெரியும். எழுது."

கன்னியப்பன் அண்ணன் தலையைச் சொறிந்தார். "கிருஷ்ணாயில நிறுத்திட்லாம். ஆனா பழைய வண்டிக்கு ரிங் மாத்தணும், எஞ்சின் வேலை பாக்கணும். அந்தச் செலவுக்கு எங்க போறது? அதுக்கும் ஒரு வழி சொல்லாம சட்டம் போட்டா எப்படி?"

நியாயமான கேள்வி. பெரிய நாடுகளையே திணற வைக்கிற கேள்வி. எங்கள் ஆட்கள் இதற்குத் திணறவில்லை. கல்யாணம், காதுகுத்து, கூரைக்கு ஓடு — எதற்கும் அவர்களுக்குத் தெரிந்த ஒரே வழி இருக்கிறதே. சீட்டு! அதே ஐம்பது ரூபாயை எல்லாரும் மாதா மாதம் போடுவது. புகை விடுகிறவன், விடாதவன் என்று பேதமில்லை. மாதம் ஒரு வண்டிக்கு எஞ்சின் வேலை. யாருக்கு முதலில் என்று குலுக்கல்.

"அப்ப கடைசி வண்டி சரியாவ பதினோரு மாசம் ஆவும்" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "அதுவரைக்கும் நா மூச்ச புடிச்சிகினு இருக்கணுமா?"

இதைத்தான் நான் என் சட்டத்தில் மறந்திருந்தேன். யாருக்குச் செலவு கூடாது என்று யோசித்தேன். யார் மூச்சு விட வேண்டும் என்று யோசிக்கவில்லை. அப்பாவுக்கு வலிக்கக் கூடாது என்ற பாசம்தான், அக்காவின் நெஞ்சை அடைத்தது.

கடைசியில் இப்படி முடிவானது: எஞ்சின் வேலை முடியாத வண்டி ஸ்டாண்டிலேயே நிற்கக் கூடாது. ரோட்டுக்கு எதிரே, பக்கத்தில் கடை ஏதும் இல்லாத, காற்று அந்தப் பக்கம் போகிற புளியமரத்தடியில் நிற்க வேண்டும். இங்கே வண்டி இல்லாதபோது அங்கிருந்து கூப்பிடுவார்கள்.

அக்காவையே குலுக்கல் எடுக்கச் சொன்னார்கள். அப்பாவின் பெயர் எட்டாவதாக வந்தது. "வேணும்னா முன்னாடி மாத்திக்கோ அண்ணாத்த" என்றார் அக்கா. அப்பா வேண்டாம் என்று தலையசைத்தார். அக்கா கடப்பாக்கத்துக்குப் போவதைப் பற்றி அன்று எதுவும் சொல்லவில்லை. மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டார். எங்களுக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

அப்பா ஏழு மாதம் புளியமரத்தடியில் நின்றார். ஒவ்வொரு மாதமும் ஒரு வண்டி அங்கிருந்து கிளம்பி இந்தப் பக்கம் வரும். மரத்தடி மெல்ல மெல்லக் காலியானது. ட்ரெயின் வந்து கூட்டம் இறங்கும்போது, அப்பா கழுத்தை நீட்டிப் பார்ப்பார். எல்லாரும் போன பிறகு ஒரு கிழவியோ, மூட்டையோடு ஒருவரோ மிஞ்சினால் கன்னியப்பன் அண்ணன் கை காட்டுவார். வீட்டில் அந்த மாதங்களில் மீன் வாங்கவில்லை. நான் டியூஷன் எடுக்க ஆரம்பித்தது அப்போதுதான்.

எட்டாவது மாதம் வண்டி மெக்கானிக்கிடம் போனது. மூன்றாம் நாள் காலை அப்பா அதை எடுத்துக்கொண்டு வந்தார். இந்தப் பக்கம். வரிசையில் நான்காவதாக, அக்காவின் கடைக்கு ஒட்டி நிறுத்தினார். நான் ட்ரெயினுக்காக அங்கேதான் நின்றிருந்தேன்.

அக்கா குனிந்து ஆப்பச் சட்டியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். சட்டியை மூடினார். நிமிர்ந்தார். திரும்பினார்.

"ஐய! நீ எப்ப வந்தே அண்ணாத்த? பொகையே காணோம், வண்டி வந்ததே தெர்லியே!"

அன்று சாப்பிடும்போது அப்பா இதை அம்மாவிடம் நான்கு தடவை சொன்னார். "நா வந்ததே தெர்லியாம்மே அவளுக்கு!"

நான்காவது தடவை அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஊர்ல அவனவன் வந்தா தெரியணும்னு மாலை, மைக்செட்டுன்னு அலையறான். வந்தது தெர்லன்னதுக்கா இவ்ளோ குஷி?"

பதினோரு வரியில் நான் எழுதத் தவறிய சட்டம் அதுதான் என்று அம்மாவிடம் சொல்லவில்லை... இன்னும் கொஞ்சம் குழம்பு மட்டும் கேட்டேன்.